வாப்பாவுக்கு பை க்ரஸ்ட் கொடுக்கலாமா?

சின்னவள் (நியூ ஜெர்சி): அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் இங்கே வந்ததிலிருந்து சோறும் ஆணமுமாகவே சமைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று, கோழிக்கறி வைத்த பை (pie என்னும் ஓவன் பண்டம்) செய்வதற்காக, உறையவைத்து விற்கும் க்ரஸ்ட் ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். அட்டையில் 100 கலோரி என்றும் சர்க்கரை 1 கிராமுக்கும் குறைவு என்றும் போட்டிருக்கிறது. வாப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால், ராத்தாவிடம் (அக்காவிடம்) கேட்டுக்கொண்டு அடுப்பை மூட்டலாம் என்று எழுதுகிறேன்.

சாச்சி (ஏர்வாடி): வஅலைக்கும் ஸலாம் மகளே. க்ரஸ்ட் என்று எதைச் சொல்கிறாய்?

சின்னவள்: மைதாவைக் கொழுப்புடன் பிசைந்து, மெல்லிய வட்டமாக விரித்து, அலுமினியத் தட்டில் பதித்து உறையவைத்து விற்கிறார்கள் சாச்சி. அதற்குள் கறியையோ பழத்தையோ நிரப்பி, மேலே இன்னொரு வட்டத்தால் மூடி, ஓவனில் சுட்டு எடுக்க வேண்டும்.

ராத்தா (இராமநாதபுரம்): வஅலைக்கும் ஸலாம். அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் சத்துப் பட்டியலை முழுவதுமாக எழுதி அனுப்பு. கலோரியைப் பார்ப்பதற்கு முன், ஒரு தடவை பரிமாறும் அளவு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதைப் பார்.

சின்னவள்: க்ரஸ்டில் எட்டில் ஒரு பங்கு, 21 கிராம் என்று இருக்கிறது ராத்தா. அந்த அளவுக்குக் கொழுப்பு 6 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 2.5 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 0, சோடியம் 80 மில்லிகிராம், மாவுச்சத்து 11 கிராம், நார்ச்சத்து 0, புரதம் 1 கிராம்.

ராத்தா: அப்படியென்றால் அந்த 100 கலோரி, எட்டாக வெட்டிய ஒரு துண்டின் அடித்தட்டுக்கு மட்டுமே உரியது. முழு க்ரஸ்டில் 800 கலோரியும் 48 கிராம் கொழுப்பும் 88 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. நீ சொல்வதுபோல் மேலும் கீழும் வைத்தால் எல்லாமே இரு மடங்காகிவிடும். நம் வீட்டில் எட்டாக வெட்டிச் சாப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வாப்பா கால் பங்கை எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் கறியைச் சேர்க்காமலேயே 400 கலோரியும் 24 கிராம் கொழுப்பும் 44 கிராம் மாவுச்சத்தும் அவர் தட்டுக்குப் போய்விடும்.

சர்க்கரை குறைவு என்ற வரி என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிவிடுகிறார்கள். மைதாவின் மாவுச்சத்து முழுவதும் குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. 44 கிராம் என்பது ஏறத்தாழ 160 கிராம் சோற்றில் இருக்கும் மாவுச்சத்து. சோற்றில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். இதிலோ ஐந்து தேக்கரண்டி எண்ணெய்க்கும் மேல் இருக்கிறது. அவ்வளவு கொழுப்பு சேரும்போது செரிமானம் மெதுவாகி, இரத்தச் சர்க்கரை சில மணி நேரம் கழித்து ஏறி நிற்கக்கூடும். ஆகவே இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்த எண் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து அவரை இன்னொரு துண்டு எடுக்க விட்டுவிடாதே.

மாமா (கீழக்கரை): ஒரு மாவு வட்டத்துக்கு இவ்வளவு கொழுப்பு எதற்கு மகளே? வீட்டிலேயே குறைவாக எண்ணெய் விட்டுப் பிசைந்துகொள்ள முடியாதா?

ராத்தா: மாமா, அந்தக் கொழுப்புத்தான் க்ரஸ்டை க்ரஸ்டாக்குகிறது. மூன்று பங்கு மாவுக்கு இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்பது அந்த நாடுகளில் வழக்கமான எடைக் கணக்கு. மாவைக் கொழுப்பு பூசிக்கொள்வதால் பரோட்டா மாவுபோல் இழுவை வராது. மாவுக்கு இடையில் கட்டியாக நிற்கும் கொழுப்பு ஓவனில் உருகி இடைவெளி விடுவதால் ஏடு ஏடாகப் பிரிந்து உதிரும். அதற்குச் சாதாரண வெப்பத்தில் கட்டியாக இருக்கும் கொழுப்பு வேண்டும்; கட்டியாக இருக்கும் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். வீட்டில் அதே அளவு எண்ணெய் விட்டுப் பிசைந்தால் நிறைவுற்ற கொழுப்பு குறையும், உப்பும் நம் கையில் இருக்கும்; ஆனால் கலோரி குறையாது, ஏடு பிரியாமல் பொடிந்து உதிரும்.

காக்கா (அண்ணன், துபாய்): 100 கிராமுக்கு 500 கலோரி என்று இணையத்தில் பார்த்தேன், இவள் அட்டைக் கணக்கில் 476 தான் வருகிறது. மேலும், அந்தக் கொழுப்பு எதிலிருந்து எடுத்தது என்பதை யாரும் இன்னும் கேட்கவில்லையே.

ராத்தா: நீங்கள் பார்த்தது சுட்ட க்ரஸ்டின் கணக்காக இருக்கும் காக்கா. சுடும்போது தண்ணீர் வற்றி எடை குறைவதால் 100 கிராமுக்கான எண் கூடித் தெரிகிறது; முழு க்ரஸ்டின் கலோரி மாறுவதில்லை. மூலப்பொருள் பட்டியலை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். தங்கச்சி, உடனே பார்த்துச் சொல்.

சின்னவள்: செறிவூட்டப்பட்ட கோதுமை மாவு, லார்ட், தண்ணீர், உப்பு என்று இருக்கிறது. லார்ட் என்பது பன்றிக் கொழுப்புத்தானே? அஸ்தஃபிருல்லாஹ். பெட்டியைப் பிரிக்கவில்லை; கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

மாமா: அல்ஹம்துலில்லாஹ், கேட்டது நல்லதாயிற்று. நம் ஊர்ப் பொட்டலங்களில் இருப்பதுபோல் பச்சைப் புள்ளி, பழுப்பு முக்கோணம் எதுவும் அங்கே கிடையாதா?

சின்னவள்: அந்தக் குறியை இங்கே சட்டம் கட்டாயமாக்கவில்லை மாமா. பட்டியலைப் படிக்க வேண்டும், அல்லது ஹலால் முத்திரை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சின்னவள்: வேறொரு கடையில் ஹலால் முத்திரையுடன் பாமாயிலில் செய்தது கிடைத்தது. எட்டில் ஒரு பங்குக்கு 110 கலோரி, கொழுப்பு 6 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 3 கிராம், மாவுச்சத்து 12 கிராம், சோடியம் 110 மில்லிகிராம், டிரான்ஸ் கொழுப்பு 0.

காக்கா: டிரான்ஸ் 0 என்று போடுவதை நம்பலாமா?

ராத்தா: ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்று அச்சிட அமெரிக்க விதி அனுமதிக்கிறது, அதனால் பழைய நாட்களில் எட்டுப் பங்குகளையும் கூட்டினால் கணிசமாகவே வந்துவிடும். டிரான்ஸ் கொழுப்பு பெரும்பாலும் வந்துகொண்டிருந்த, பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கருத முடியாது என அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2015இல் முடிவு செய்து, 2018 முதல் உணவில் சேர்ப்பதை விலக்கத் தொடங்கிய பிறகு அந்த அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டிலும் 2022 முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு. எனக்கு இதில் உறுத்துவது நிறைவுற்ற கொழுப்புத்தான். முழு க்ரஸ்டில் 24 கிராம் வருகிறது. அமெரிக்க அட்டைகள் ஒரு நாளுக்கு வைத்திருக்கும் அளவே 20 கிராம்.

சாச்சி: அப்படியானால் செய்யவே வேண்டாம் என்கிறாயா? பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருக்கிறாள்.

ராத்தா: செய்யட்டும் சாச்சி, கீழ்த்தட்டை மட்டும் விட்டுவிடட்டும். கறியைப் பாத்திரத்தில் பரப்பி மேலே ஒரு க்ரஸ்டால் மூடி, ஆறாக வெட்டினால், வாப்பாவின் துண்டில் க்ரஸ்டின் பங்காக ஏறத்தாழ 147 கலோரியும் 16 கிராம் மாவுச்சத்தும் 4 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் வரும். நார்ச்சத்து இல்லாத குறைக்குக் கேரட், பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றைக் கோழியை விடக் கூடுதலாகப் போடு. தேங்காய்ப்பாலும் கிரீமும் வேண்டாம். கறிக்கு மிளகு தூக்கலாக இருக்கட்டும், உப்பைப் பாதியாகக் குறைத்துவிடு, க்ரஸ்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அன்று அதோடு சோறோ ரொட்டியோ வைக்காதே.

சின்னவள்: சரி ராத்தா, அப்படியே செய்கிறேன். பெட்டியில் இருக்கும் இன்னொரு க்ரஸ்டை ஃப்ரீசரிலேயே வைத்துவிடுகிறேன். வாப்பா மாத்திரையை எப்போதும்போல் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.