துருவேறிய யூ போல்ட்: தீ வைப்பதா, எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பதா?

உப்பளக்காரன்: அப்பா வைத்திருந்த 1984 அம்பாசிடர் மார்க் 4. தூத்துக்குடி உப்புக்காற்றிலேயே நின்ற வண்டி. பின் ஸ்பிரிங் பட்டையை மாற்ற வண்டிக்கு அடியில் படுத்தால், பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் (யூ வடிவக் கம்பி) நட்டு எட்டில் ஒன்றுகூட அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் ஐந்து நிமிஷ வேலை என்கிறார்கள். செய்யலாமா?

பட்டறை அண்ணாச்சி: தாராளமாகச் செய்யலாம் தம்பி. துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். மரைக்கு (திருகு வரிக்கு) நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். எண்ணெய் உள்ளே போகச் சந்து இருக்காது. நட்டை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் நட்டு விரியும், துரு நொறுங்கும். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். முப்பது வருஷமாக இப்படித்தான் கழற்றுகிறேன்.

கோவை லேத்: அண்ணாச்சி, தொழிலில் நீங்கள் மூத்தவர். ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள முடியாது. பின்னால் பெட்ரோல் டேங்க், பக்கத்தில் பிரேக் ஹோஸ், ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடும் ஷேக்கிளில் ரப்பர் புஷ். இதற்கு நடுவே டார்ச்சா? என் வண்டியில் ஒரு பட்டறையில் இப்படிக் காய்ச்சிப் பிரேக் ஹோஸ் வெந்துபோனது. இறக்கத்தில்தான் எனக்கே தெரிந்தது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவே வரும்.

உப்பளக்காரரே, முதலில் ஸ்பேனரைப் பாருங்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த கார் இது, பல போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதில் 13ஆம் நம்பரைப் போட்டு இழுத்தால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் எந்த வைத்தியமும் பலிக்காது. ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரே போடுங்கள். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டும் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். காலையும் மாலையும் ஊற்றி, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். மூன்றாம் நாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றும், அதன் பக்கத்தில் தீ கூடவே கூடாது. இன்னொன்று, சிவக்கக் காய்ச்சிய போல்ட் டெம்பர் (பதம்) இழந்துவிடும்.

பட்டறை அண்ணாச்சி: யூ போல்ட் சுமையில் இழுபட்டு நீண்டிருக்கும், எப்படியும் புதிதுதான் போட வேண்டும். தூக்கிப் போடப் போகிற போல்ட்டுக்கு டெம்பர் எதற்கு? மூன்று நாள் வண்டியைத் தூக்கி வைத்தால் என் பட்டறையில் இடத்துக்கு எங்கே போவேன்?

கோவை லேத்: தூக்கிப் போடுவதுதானே, அப்படியானால் ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடலாமே! கிரைண்டர் வேண்டாம், பொறி டேங்க் பக்கம் பறக்கும்.

பட்டறை அண்ணாச்சி: அறுப்பது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் என்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்டில்) என்ன செய்வீர்கள்? அறுக்க முடியாது. பல வருஷம் வெந்து வெந்து இறுகியது. பலம் காட்டினால் என்ஜின் ஹெட்டுக்குள்ளேயே முறியும், அப்புறம் டிரில் போட்டு எடுக்க வேண்டும். அங்கே தீயைத் தவிர வழியில்லை.

கோவை லேத்: அங்கே தீதான், அதில் மறுப்பில்லை. கார்புரேட்டரையும் பெட்ரோல் லைனையும் கழற்றி வெளியே வைத்த பிறகு. திரும்பப் போடும்போது பித்தளை நட்டு போடுங்கள், அடுத்த தடவை கழன்று வரும்.

உப்பளக்காரன்: நான்கு ராத்திரி எண்ணெய் ஊற்றினேன். ஆறு நட்டு கழன்றது. ஐந்தாவது கிறீச்சென்று அசைந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீதி இரண்டை அறுத்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்தது மேனிஃபோல்டு. அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருப்பீர்களா? கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறேன்.