ப்ரீகேஜிக்கு முன்னால் வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்கணும்?

மதுரை அம்மா:
மகளுக்கு இரண்டு வயது. அடுத்த வருடம்தான் ப்ரீகேஜி, ஆனால் தெரிந்தவர்கள் எல்லாம் இப்போதே ஃப்ளாஷ் கார்டு வைத்து ஏ, பி, சி, டி பழக்குகிறார்கள். நான் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், செல்போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறாள். நான் எதிலிருந்து தொடங்குவது?

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
எழுத்தை விடுங்க, அதற்கு அவசரமே இல்லை. இந்த வயதில் பேச்சுதான் முக்கியம். அவள் காக்கையைக் கைகாட்டினால் "ஆமா, காக்கா பறக்குது, எங்கே போகுது?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். குளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதையே செய்யலாம். மாமியாருக்குத் தெரிந்த கதை, சாய்ந்தாடம்மா, நிலா காட்டிச் சோறு ஊட்டுவது எல்லாமே நல்ல பயிற்சிதான்.

அங்கன்வாடி ஊழியர்:
இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம். சிந்தினாலும் பரவாயில்லை, தானே எடுத்துச் சாப்பிடட்டும், விரல்களுக்கும் அது வேலை.

அப்புறம், இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். பேசவில்லை என்றாலோ, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, "தானா வரும்" என்று பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டி காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

மதுரை அம்மா:
இரண்டு சொல் பேசுகிறாள். சரி, இன்று இரவே மாமியாரிடம் பேசுகிறேன்.