கேஜன் இறால்: வீட்டில் செய்து பார்த்தவர்கள் வாங்க

மிசிசிப்பிக்கரை:

பேட்டன் ரூஜுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் குடியிருந்துகொண்டு, இங்குள்ள பிரெஞ்சு வழி வந்த கேஜன் மக்களின் இறாலைச் செய்யத் தெரியாதா என்று ரோஷம் வந்து, முதல் வருஷமே ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டேன். அது போதாதென்று பக்கத்து வீட்டு அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர், லஃபாயெட் பக்கத்துக்காரர். இந்த ஊரில் வயதானவர்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். பெயர் வேண்டாம், மிஸ் என்றே எழுதுகிறேன்.

ஒரு பவுண்டு இறால். நம்ம வறுவலுக்குப் பிசறுகிற மாதிரி, கடையில் வாங்கிய கேஜன் பொடி மூன்று மேசைக்கரண்டி, அதற்கு மேல் ஒரு கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு, அரை மணி நேர ஊறல். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் தப்பித்திருப்பேன். பட்டியலில் முதல் பொருளே உப்புதான்! மிஸ் இரண்டு இறால் சாப்பிட்டார். ஐஸ் டீயை ஒரே மூச்சில் குடித்தார். "வெறும் சோறு இருக்கா, ஷா?" என்றார். 'ஷா' அவர்கள் பேசும் பிரெஞ்சு, நம்ம 'கண்ணு' மாதிரி.

அடுத்த சனிக்கிழமை அவரே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மெக்சிகோ வளைகுடா இறால், தலையும் மீசையும் முழுசாக. பவுண்டுக்கு 16-லிருந்து 20 நிற்கிற அளவு. முதல் வேலையாகத் தலைகளைத் திருகி எடுத்து, ஓட்டோடு சேர்த்து, வெங்காயமும் செலரித் தண்டும் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டார். தண்ணீர் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. நான் அதுவரை குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமாச்சாரம் அது.

பொடியை அவர் கையாலேயே கலந்தார். ஒரு பவுண்டுக்கு பாப்ரிக்கா என்கிற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, பூண்டுப் பொடியும் வெங்காயப் பொடியும் ஒவ்வொன்று, கருமிளகு அரை, வெள்ளை மிளகு கால், காய்ந்த தைம், ஆரிகானோ இலைகள் அரை அரை. கெயென் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டிதான். "அவ்வளவுதானா?" என்றேன். காரம் மூன்று இடத்தில் தெரியணுமாம்: கெயென் நாக்கில், கருமிளகு தொண்டையில், வெள்ளை மிளகு மூக்கில். உப்பு தனியாக, முக்கால் தேக்கரண்டி. ஊறவைக்கிற பேச்சே இல்லை. இறாலைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, பொடியில் புரட்டி, உடனே இரும்புச் சட்டியில்.

நான் சொதப்பிய இன்னொரு இடம் இதுதான். நமக்கு இறால் என்றால் தண்ணீர் விட்டு, அது வற்றி, மசாலா சுருள வேண்டும். இங்கே ஒரு பக்கம் இரண்டு நிமிஷம், மறுபக்கம் ஒன்று. அரைவட்டமாக வளைந்தால் எடுத்துவிட வேண்டும். வால் தலைப்பக்கத்தைத் தொட்டு வளையமாகிவிட்டால் அப்புறம் ரப்பர். இறாலைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததில் ஒரு கரண்டி தலைச்சாறு, கொஞ்சம் வூஸ்டர்ஷயர் சாஸ், நிறைய குளிர்ந்த வெண்ணெய். அந்த சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் இருக்கின்றன என்று தெரிந்தபோது எனக்கு ஊருக்கே போய்வந்த மாதிரி இருந்தது. பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தோய்த்து, இறாலைக்கூட மறந்துவிட்டோம்.

உங்கள் கதைகளையும் போடுங்கள்.

புகைச்சட்டி:

நான் ஹூஸ்டன். 'பிளாக்கன்டு' இறால் செய்யப் போய் அபார்ட்மென்ட்டையே கிளப்பிவிட்டவன் நான்தான். உருக்கின வெண்ணெயில் இறாலை முக்கி, பொடியில் புரட்டி, காய்ந்து கனலுற இரும்புச் சட்டியில் போடணும். போட்டேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஏசி ஓடுதேன்னு ஒரு சிக்கனம்தான். மூணே நொடியில மிளகாய் நெடி வீடு முழுக்க. அலாரம் அலறுது, நான் ஸ்டூல் மேல ஏறி துண்டை வீசுறேன், மனைவி குழந்தையைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுறா. ஊர்லேர்ந்து வந்திருந்த எங்கம்மா மட்டும் சோபாவை விட்டு அசையல. இருமிக்கிட்டே சொல்றாங்க: "இந்த நெடி நெடிக்குதுன்னா நம்ம வீட்டுக்குத் திருஷ்டியே இல்லடா!"

இதை ஏதோ காலங்காலமா வர்ற கேஜன் சமையல்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். பால் ப்ருதோம்னு ஓப்பலூசஸ்ல பிறந்த சமையல்காரர், நியூ ஆர்லியன்ஸ்ல 1979-ல் கடை திறந்து, ரெட்ஃபிஷ் மீனை இப்படிக் கருக்கிப் பேர் வாங்கினார். நாடு முழுக்க அந்த மீனுக்கு அலைஞ்சு, எண்பதுகள்லயே அதை வியாபாரத்துக்குப் பிடிக்கக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாப் போச்சு. இப்ப நான் இதைப் பின்கட்டுல கேம்ப் அடுப்புல மட்டும்தான் செய்றேன். அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. அலாரம் சத்தம் கேட்டா போன்ல இன்னமும் சிரிக்கிறாங்க.

உறைப்புத்தூள்:

டொராண்டோவில இருந்து எழுதுறன். நான் செய்த பிழை வேற மாதிரி. பாப்ரிக்கா முடிஞ்சுபோச்சு எண்டு வீட்டில இருந்த யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளைப் போட்டன். நல்ல உறைப்பா, ருசியாத்தான் வந்தது. ஆனா சட்டிக்குள்ள இருந்தது இறால் பிரட்டல். வெண்ணெய் ஊத்தின இறால் பிரட்டல்.

பிறகு ஒரு கோடை விடுமுறைக்கு கனடாவின்ர கிழக்குக் கரையில இருக்கிற நோவா ஸ்கோஷியா போனம். அங்க கிராண்ட் ப்ரே எண்ட இடம். கேஜன் சனத்தின்ர முன்னோர் அங்கதான் கடல் சேத்து நிலத்துக்கு அணை கட்டி விவசாயம் செய்தவை. 1755-இல பிரிட்டிஷ்காரர் பிடிச்சுக் கப்பல்களில ஏத்தித் துரத்திவிட்டினம். குடும்பங்கள் திக்குத் திக்காப் போச்சுது. கனபேர் பிறகு லூசியானாவுக்கு வந்து சேர்ந்தவை. அகாடியன் எண்ட சொல்தான் வாயில தேய்ஞ்சு கேஜன் ஆனது. நாங்கள் அங்க கனநேரம் நிண்டம். என்ர அப்பா ஒண்டும் கதைக்கேல்லை.

அண்டைக்கு இரவு அந்தப் பக்கத்து அகாடியன் சாப்பாடு ஒண்டு சாப்பிட்டம். ராப்பி பை எண்டு சொல்லுவினம். துருவின உருளைக்கிழங்கும் கோழியும். உறைப்பு எண்டது மருந்துக்கும் இல்லை. அப்பதான் விளங்கினது, மிளகாய் அவையளின்ர பழைய ஊரில இருந்து வந்த சாமான் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில கிடைச்சது. பிள்ளைகள் கெச்சப் கேட்டினம். நான் பையில கொண்டுபோன தூளை எடுத்தன்.

காசிமேடுக்காரி:

சென்னையில செஞ்சவங்க சார்பா நான். பாப்ரிக்காவுக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள், கெயெனுக்குத் தனி மிளகாய்த்தூள், மத்ததெல்லாம் சூப்பர் மார்க்கெட்ல கிடைக்குது. சாம்பார் தூள் டப்பாவைக் கைதவறி எடுத்துடாதீங்க, எடுத்தேன். இரும்புச் சட்டிக்கு நம்ம தோசைக்கல்லே போதும், ஆனா மறுநாள் தோசை லேசா தைம் வாசம் அடிக்கும். என் மாமியார்தான் விடவே இல்ல. "மஞ்சள் போடாம இறாலா? கவுச்சி அடிக்காதா?" யாராவது பதில் சொல்லுங்க, எனக்கு வீட்டுல பதில் தேவைப்படுது.

மிசிசிப்பிக்கரை:

காசிமேடுக்காரி, இறால் அன்றைக்குப் பிடித்ததாக இருந்து, முதுகுக் குடலையும் எடுத்துவிட்டால் கவுச்சி வராது. காசிமேட்டில் விடியற்காலை வாங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஐஸில் நாலு நாள் கிடந்த இறால் என்றால் மாமியார் சொல்வதுதான் சரி, மஞ்சளைப் போடுங்கள்.

போன மாதம் மிஸ்ஸுக்கு நம்ம இறால் தொக்கு செய்து கொண்டுபோனேன். ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். புளி, கறிவேப்பிலை என்று ஒன்றொன்றாக விசாரித்தார். வெண்ணெய் ஏன் இல்லை என்று மட்டும் முகத்தில் ஒரு வருத்தம். கடைசியில், "தலையெல்லாம் என்ன செஞ்சே?" என்றார். கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். நாலு பை. ஒரு பையை எடுத்து, எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கொண்டுபோய்விட்டார்.