புதுப்பிப்பு: எட்னா எரிமலைச் சரிவில் செயற்கைக்கோள் டெர்மினலுக்குச் சிக்னல் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சிசிலியில், எட்னாவின் கிழக்குச் சரிவிலுள்ள வாலே டெல் போவே பள்ளத்தில் எங்கள் பிகான் (BGAN, செயற்கைக்கோள் வழி இணையம் தரும் கருவி) டெர்மினல் செயற்கைக்கோளைப் பிடிக்கவே இல்லை என்று கேட்டிருந்தேன்.

கேபிளை மாற்றியும், பேட்டரியை மாற்றியும் பலனில்லை. ஆன்டெனாவைச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பத் திசைகாட்டியைத்தான் நம்பியிருந்தோம். "அது பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய) பாறை, திசைகாட்டியை நம்பாதீர்கள்" என்ற பதில்தான் சரி. பாறையிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் முள்ளை இழுக்கிறது. திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு இடுப்பளவு உயர்த்தினோம். முள் கண்ணெதிரே திரும்பியது!

அப்புறம் சூரியனை வைத்தே திசை பிடித்தோம். நிலநடுக்கோட்டின் மேல், 25 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் எங்கள் செயற்கைக்கோள் இங்கிருந்து தெற்கிலிருந்து சற்றே கிழக்கே, சுமார் 45 டிகிரி உயரத்தில் இருக்கும். சூரியன் அந்தத் திசைக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டு, நட்ட குச்சியின் நிழல்கோட்டில் ஆன்டெனாவை நிறுத்தினோம். மெல்ல அசைத்ததும், சிக்னல் வலுவைக் காட்டும் பீப் ஒலி வேகமெடுத்தது.

பள்ளத்தின் தெற்குச் சுவரை ஒட்டிக் கூடாரம் போடுபவர்கள் கவனிக்கவும்: சுவரே வானத்தை மறைக்கும். அங்கே இரிடியம் செயற்கைக்கோள் போனே மேலானது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 780 கி.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒன்று மறைந்தாலும் அடுத்தது வரும். பேச்சு இடையில் அறுபடலாம்.

எதிர்பாராதது சாம்பல். சோலார் பேனலில் மெல்லிய படலம் படிந்தாலே சார்ஜ் குறைகிறது. துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறிவிடும். மென்மையான பிரஷ் போதும். ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். அதனால் கனெக்டர்களை எல்லாம் ரப்பர் டேப்பால் இறுக்கச் சுற்றிவிட்டோம்.