கிரியாட்டினின் 1.8 உள்ளவருக்கு செவோஃப்ளூரேன் மயக்க மருந்தை நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு ஓட்டத்துக்கு (ஃப்ளோ) கீழ் ஓட்டலாமா?

கேள்வி (கீழக்கரை):
68 வயது, சர்க்கரை நோயாளி, கிரியாட்டினின் 1.8. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்க வேண்டும், முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் 3 மணி நேரம் ஆகலாம். எங்களிடம் பைப்லைன் இல்லை, ஆக்சிஜன் எல்லாம் சிலிண்டர்தான். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் சாதாரண வகை. செவோ லைமில் பட்டு உருவாகும், எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் காம்பவுண்ட் ஏ-யை நினைத்துத் தயங்குகிறேன். 0.5 லிட்டரில் ஓட்டலாமா?

பதில் 1 (ராமநாதபுரம், மயக்கவியல்):
டாக்டர், இவருக்கு ஐசோஃப்ளூரேன் போடுங்கள். அதில் காம்பவுண்ட் ஏ உருவாவதே இல்லை, விலையும் குறைவு, ஆக்சிஜன் அனலைசர் இருந்தால் 0.5 லிட்டரிலும் ஓட்டலாம்.

செவோதான் வேண்டும் என்றால் அமெரிக்க மருந்துக் குறிப்பைப் பாருங்கள். 1 முதல் 2 லிட்டருக்குள் ஓட்டினால் 2 மேக்-மணி நேரத்தை (மேக் அளவு × மணி நேரம்; 1 மேக் என்றால் பாதிப் பேர் வெட்டுக்கு அசையாத மருந்தளவு) தாண்டக் கூடாது, 1 லிட்டருக்குக் கீழ் பரிந்துரையே இல்லை. இந்த வயதில் 1 மேக் என்பது சுமார் 1.5 சதவீதம். அந்த அளவில் 2 மணி நேரத்திலேயே வரம்பு முடிந்துவிடும், உங்களுக்கு 3 மணி நேரம். கிரியாட்டினின் 1.5-க்கு மேல் உள்ளவர்களில் பாதுகாப்பு முழுமையாக நிறுவப்படவில்லை என்றும் அதே குறிப்பு சொல்கிறது. ஆகவே 2 லிட்டருக்குக் கீழ் இறங்காதீர்கள்.

மனிதர்களிடம் காம்பவுண்ட் ஏ சிறுநீரகத்தைக் கெடுத்ததாக உறுதியான சான்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலியின் சிறுநீரகத்தில் அதை நஞ்சாக்கும் பீட்டா-லையேஸ் நொதி வேலை செய்யும் அளவில் சிறு பங்குதான் நம்மிடம். ரத்தத்தில் ஃப்ளூரைடு 50 மைக்ரோமோலைத் தாண்டினால் சிறுநீரகம் கெடும் என்ற பழைய பயம் மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற பழைய மயக்க மருந்திலிருந்து வந்தது. அந்த மருந்து சிறுநீரகத்துக்குள்ளேயே உடைந்தது, செவோ பெரும்பாலும் ஈரலில் உடைகிறது.

பதில் 2 (மண்டபம், தியேட்டர் டெக்னீஷியன்):
சார், லைமையும் பாருங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள லைம், அதிக சூடு, அதிக செவோ சதவீதம், குறைந்த ஃப்ளோ, இவற்றில் ஒவ்வொன்றும் காம்பவுண்ட் ஏ-யைக் கூட்டும். ஆம்சோர்ப் போல வன்காரம் (சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) இல்லாத கால்சியம் லைம் கிடைத்தால் அந்தக் கவலையே இல்லை.

கடலோரக் காற்றில் ஈரம் இருக்கிறதே, லைம் காயாது என்று நம்மூரில் நினைக்கிறார்கள். சிலிண்டர் ஆக்சிஜனில் ஈரமே கிடையாது. சனிக்கிழமை ஃப்ளோமீட்டரை மூடாமல் போனால் திங்கள் காலை லைம் காய்ந்து கிடக்கும். அதன் மேல் செவோ பட்டால் கடும் சூடு கிளம்பும், டெஸ்ஃப்ளூரேன் என்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இதைக் காட்டாது, ஊதாவாக மாறிய லைம்கூட ஓய்வில் வெளுத்துவிடும். சந்தேகம் வந்தால் முழுவதும் மாற்றிவிடுங்கள். மற்ற நாட்களில் உள்ளிழுக்கும் கார்பன் டை ஆக்சைடு 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மாற்றுங்கள்.

இன்னொன்று, நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர் பெல்லோஸை ஓட்டுவது ஆக்சிஜனா, காற்றா? ஆக்சிஜன் என்றால் அதற்கே ஏறத்தாழ நிமிட மூச்சளவு போய்விடும். ஃப்ளோவைக் குறைத்தால் மிஞ்சுவது மருந்து, சிலிண்டர் அல்ல. 2 சதவீத செவோ 4 லிட்டரில் மணிக்கு சுமார் 24 மி.லி., 1 லிட்டரில் 6 மி.லி.

பதில் 1, மீண்டும்:
டெக்னீஷியன் சொன்ன பெல்லோஸ் கணக்கை முதலில் பாருங்கள், டாக்டர். குறைந்த ஃப்ளோவே தேவைப்படாமல் போகலாம்.

குறைப்பதாக இருந்தால் லீக் டெஸ்ட் பார்த்துவிட்டு, முதல் 10 நிமிடம் 4 முதல் 6 லிட்டரில் ஓட்டி, பிறகு இறக்குங்கள். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. அளவு ஆக்சிஜனை எடுக்கும், அதனால் ஆக்சிஜன் அனலைசர் இல்லாமல் 0.5-க்குப் போகவே கூடாது. நைட்ரஸ் சேர்த்தால் இன்னும் ஆபத்து.

இவருடைய சிறுநீரகத்துக்கு உண்மையான எதிரி வேறு. சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே போக விடாதீர்கள். வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவின் அழுத்தத்தை 12 மி.மீ. பாதரசத்தில் வைக்கச் சர்ஜனிடம் கேளுங்கள். டைக்ளோஃபினாக், ஜென்டாமைசின் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை டெல்மிசார்ட்டான் சாப்பிட்டால் அன்று காலை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வந்து படுப்பார்கள், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்று வார்டில் சொல்லி வையுங்கள். கத்தீட்டர் போட்டு, மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி. சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பெல்லோஸ் ஆக்சிஜனில்தான் ஓடுகிறது. ஐசோஃப்ளூரேன், 2 லிட்டர், புது லைம் என்று முடிவு செய்துவிட்டேன். 3-வது நாள் கிரியாட்டினின் பார்த்து இங்கே பதிவிடுகிறேன்.