பச்சைக் குழந்தையின் தோலில் சூடான சென்சார், பயப்பட வேண்டுமா?

ஈரோட்டு மாமன்:
தங்கச்சி மகன் 29 வாரத்தில் பிறந்து, கோயமுத்தூரில் வென்டிலேட்டரில் இருக்கிறானுங்க. வயிற்றில் ஒரு சென்சார் ஒட்டி, தோல் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு அளவு பார்க்கிறார்கள். கழற்றி இடம் மாற்றும்போது அங்கே சிவப்பாக வட்டம் தெரிகிறது. சுட்டுவிட்டதோ என்று தங்கச்சி ஒரே அழுகை. இது அவசியமுங்களா?

என்ஐசியு (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ், திருப்பூர்:
அவசியம்தானுங்க அண்ணா. சென்சார் 40 முதல் 44 டிகிரி வரை சூடாகும், அந்தச் சூட்டில் தோலடி ரத்த ஓட்டம் கூடி வாயு வெளியே கசிவதைத்தான் அது அளக்கிறது, அதனால் லேசான சிவப்பு வரும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். கொப்புளமோ தோல் உரிதலோ இருந்தால் உடனே சொல்லுங்கள். குறைமாதத் தோல் ரொம்ப மெல்லிசு, அதனால்தான் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஒரு கிலோ குழந்தைக்கு உடம்பில் மொத்த ரத்தமே 100 மில்லிக்குள்தான், ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு எடுக்க முடியுங்களா?

பல்லடம் அம்மா:
என் மகளுக்கும் வைத்திருந்தார்கள். நம்பர் திடீரென்று இறங்கினால் பதறாதீர்கள், ஓரத்தில் காற்று புகுந்தாலோ ஒட்டு விட்டாலோ சட்டென்று இறங்கும், தோல் வீங்கியிருந்தாலும் தப்பாகக் காட்டும்.

என்ஐசியு நர்ஸ், திருப்பூர்:
ஆமாங்க அக்கா. அதனால் இடையிடையே ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், அதை அடியோடு நிறுத்த முடியாது. கார்பன் டை ஆக்சைடு அளவு ரொம்ப இறங்கினால் மூளைக்கு ரத்த ஓட்டம் குறையும், ரொம்ப ஏறினால் மூளையில் ரத்தக்கசிவு அபாயம். வென்டிலேட்டர் மாற்றியதும் விளைவு உடனே தெரிய வேண்டுமுங்க.

ஈரோட்டு மாமன்:
சரிங்க, இப்பவே தங்கச்சிக்குப் போன் போடுகிறேன்.