சபைக்குத் தகவல் தொடர்பு விதிமுறை எழுதணும், யோசனை சொல்லுங்க

கேள்வி:
ஸ்தோத்திரம். எங்க சபையில யார் எதை எங்க சொல்லணும்னு ஒரு ஒழுங்கு எழுதச் சொல்லி பாஸ்டர் என்கிட்ட பொறுப்பு குடுத்திருக்காரு. போன மாசம் ஒரு சிஸ்டரோட ஆபரேஷன் விஷயத்தை ஜெபக்குறிப்புன்னு யாரோ வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க, அவங்க சொந்த அக்காவுக்கே அதைப் பாத்துதான் தெரிஞ்சுது, பாவம் ரொம்ப அழுதுட்டாங்க. எங்கருந்து ஆரம்பிக்கிறது?

பதில் 1:
அங்கருந்தே ஆரம்பிங்க பிரதர். பேர் போடலாமா, என்ன நோய்னு சொல்லலாமா, யாருக்கெல்லாம் தெரியலாம், இந்த மூணையும் அவங்ககிட்டயே கேட்டுட்டுதான் ஜெபக்குறிப்பு வெளிய போகணும். அறிவிப்புக்குத் தனி குரூப் வச்சு, அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்புற மாதிரி செட்டிங்ஸ்ல மாத்திடுங்க.

பதில் 2:
மனஸ்தாபத்துக்கும் ஒரு வரி சேருங்க. மத்தேயு 18:15-17லயே வழி இருக்கு, மொதல்ல தனியா பேசணும், கேக்கலேன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும், அப்புறம்தான் சபைக்கு. நாங்க அதைத் தலைகீழா பண்ணி, எடுத்ததுமே குரூப்ல கொட்டி, ஒரு நல்ல குடும்பத்தையே இழந்துட்டோம், இப்பவும் மனசு வலிக்குது.

பதில் 3:
ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவங்களை விட்டுடாதீங்க. ஆராதனை நேரம் மாறினா அவங்களுக்கு யார் போன் பண்றதுன்னு பேரோட எழுதி வைங்க. பிள்ளைங்க போட்டோ போட பெத்தவங்க சம்மதம் கட்டாயம்.